விட்டுப்போன ஹார்ட் டாக்டரை மறுபடி பிடிப்பது எப்படி?

காரைக்குடியைச் சுற்றியுள்ள எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. சென்னையில் பிள்ளைகளோடு இருக்கும்போது நெஞ்சுவலி வந்திருக்கும். அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய்) வைத்திருப்பார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக ரிவ்யூவுக்குப் போவார்கள். அப்புறம் "வீடு பூட்டியே கிடக்கு" என்று பள்ளத்தூருக்கோ கோனாபட்டுக்கோ திரும்பிவிடுவார்கள். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுவதிலேயே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். "அந்த டாக்டரையே பார்த்துடலாம், கைராசிக்காரர்" என்று தோன்றும். நம்பர் இருக்காது. நம்பர் இருந்தாலும் கூப்பிடக் கூச்சமாக இருக்கும்.

எங்கள் அப்பச்சிக்கு நடந்ததும் இதுதான். (செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் அப்பா. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தாத்தா என்று நினைத்துக்கொள்வார்கள்.) டாக்டர் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள்தான் ஆனது. "இத்தனை நாள் எங்கே போனீங்கன்னு கேட்டா என்ன சொல்றது" என்று அப்பச்சி தயங்கியதில் எட்டு மாதம் போனது. இப்படித் தொடர்பு விட்டுப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்கள், வேலை மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்து பெற்றோரைக் கூட வைத்திருப்பவர்கள், சிங்கப்பூரில் இருந்துகொண்டு போனிலேயே வீட்டை நடத்தும் பிள்ளைகள், எல்லோருக்கும் இது பயன்படும்.

இப்போதே வலிக்கிறது என்றால்

கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது கொட்டும் வியர்வை, மூச்சுத் திணறல், கண் இருட்டிக்கொண்டு வருவது, இதில் எது இருந்தாலும் சரி. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வியர்வையும் அசதியும் மட்டும் வரலாம். "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இந்த நேரத்தில் பழைய டாக்டரைத் தேடுவது தப்பு. காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். திருச்சியும் ஏறக்குறைய அதே தூரம்தான். சென்னையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே முதலில் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அவசரமாகக் கொடுக்க வேண்டிய முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். அங்கே நீங்கள் சொல்ல வேண்டியது, ஏற்கெனவே ஸ்டென்ட் இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க இன்ன மாத்திரை போடுகிறார், இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். பழைய டாக்டருக்குப் போன் போடுவதெல்லாம் ஆள் தேறிய பிறகு.

சரி, அவசரம் எதுவும் இல்லை, நிதானமாகப் பழைய டாக்டரிடம் போக வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் பையைத் தேடுங்கள்

எல்லோரும் முதலில் டாக்டர் நம்பரைத் தேடுகிறார்கள். நான் முதலில் பழைய ஃபைலைத் தேடச் சொல்வேன். தினம் அறுபது எழுபது பேரைப் பார்க்கிற ஒருவருக்கு நம் முகம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. காகிதத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் ஒரு பையைத் தேடுவது லேசான காரியம் இல்லை. முகப்பில் தொடங்கி, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு என்று அறைகள் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். எங்கள் வீட்டில் கடைசியில் அது கிடைத்த இடம், கல்யாணப் பத்திரிகைகள் போட்டுவைத்த மஞ்சப்பை. அதற்குள் டிஸ்சார்ஜ் சம்மரி (வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கம்) நான்காக மடித்துக் கிடந்தது. கூடவே ஆஞ்சியோ சி.டி. (இதய ரத்தக்குழாய்களை எடுத்த படம்), ஸ்டென்ட் அட்டை, மூன்று எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், கறுப்பாக ஒரு தாள்.

அந்தக் கறுப்புத் தாளுக்கு ஒரு கதை உண்டு. ஈ.சி.ஜி. எடுக்கும் தாள் சூடுபட்டால் கறுக்கிற ரகம். அதனால்தான் மையில்லாமல் கோடு விழுகிறது. அப்படியே வைத்திருந்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் மங்கிவிடும். அப்பச்சி பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லேமினேஷன் போடக் கொடுத்திருக்கிறார். சூடான உருளைக்குள் ஒரு பக்கம் போன தாள் மறுபக்கம் தீய்ந்த தோசை போல வெளியே வந்தது. கடைப் பையனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஈ.சி.ஜி. கைக்கு வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம்.

பையில் இருப்பதில் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் தலைப்பில் மருத்துவமனை கொடுத்த நோயாளி எண் இருக்கும். யு.ஹெச்.ஐ.டி., எம்.ஆர். நம்பர், ஐ.பி. நம்பர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள். இந்த எண்தான் சாவி. பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஆள் லெட்சுமணன், மெய்யப்பன், சொக்கலிங்கம். ஒரே பெயரில் நாற்பது பேர் வருவார்கள்.

அடுத்தது டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு. அதில் அவருடைய பதிவு எண் இருக்கும். டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணைச் சீட்டிலும் சான்றிதழிலும் போட வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. இந்த எண் எதற்கு உதவும் என்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஸ்டென்ட் அட்டை என்பது கையளவுக் காகிதம். எந்த ரத்தக்குழாயில், என்ன அளவில், எந்தத் தேதியில் வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர்களுக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு. அவர்கள் இந்தக் கட்டுரையை நின்று நிதானமாகப் படிக்கவே கூடாது. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று இடையிடையே பார்த்தாக வேண்டும், ஆகவே தொடர்பு விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே கூப்பிடுங்கள்.

ஆஞ்சியோ சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போதைய லேப்டாப் பாதிக்கு மேல் சி.டி. போடும் வசதி இல்லாதவை. ஸ்டுடியோக்காரர் யாரிடமாவது கொடுத்தால் பென் டிரைவில் ஏற்றித் தருவார். சி.டி.யில் இருப்பதை முழு ஃபோல்டராக அப்படியே ஏற்றச் சொல்லுங்கள். படத்தை மட்டும் போனில் படம் பிடித்துக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பிரயோஜனம் இல்லை.

ஃபைல் தொலைந்தே போயிருந்தால்

மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம். அதே 2002 விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவரின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். மூன்று வருஷம் தாண்டிவிட்டதே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் இடங்களில் பத்து வருஷத்துப் பழைய சம்மரிகூடக் கிடைக்கிறது.

கேட்க வேண்டியது ரிசப்ஷனில் அல்ல, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில். ரிசப்ஷனில் கேட்டபோது எனக்கு "அதெல்லாம் இப்ப இருக்காது சார்" என்று பதில் வந்தது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்த அம்மா ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். நேரில் போக முடியாவிட்டால் ஒரு கடிதம் போதும். நான் எழுதியது இப்படி:

'நான் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை தங்கள் மருத்துவமனையில் இதயப் பிரிவில் உள்நோயாளியாக இருந்தேன். என் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ அறிக்கை, கடைசி எக்கோ அறிக்கை ஆகியவற்றின் நகல் தேவை. என் சார்பில் பெற்றுக்கொள்ள என் மகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன்.'

கீழே நோயாளியின் கையெழுத்து. கூட இருவரின் ஆதார் நகல். நகலுக்கு ஒரு சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

ஒரு பக்கத்துக்குள் உங்கள் கதை

ஃபைல் கிடைத்ததும் போனை எடுக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத வேண்டியதை எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தது இதுதான்:

'வயது 71. ஒரு ஸ்டென்ட், வைத்து ஆறு வருஷம். சர்க்கரை 15 வருஷமாக. உங்களைக் கடைசியாகப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது சில மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் இல்லை. சாயங்காலம் கால் லேசாக வீங்குகிறது. போடும் மாத்திரைகள் கீழே. கடைசி நான்கு மாதமாகக் கொழுப்பு மாத்திரை போடவில்லை.'

கடைசி வரியை எழுதத்தான் பாடுபட்டோம். அப்பச்சி மாத்திரையை நிறுத்தியது எனக்கே தெரியாது. மாத்திரைப் பட்டைகளை எடுத்து எண்ணியபோது கணக்கு உதைத்தது. கேட்டால், "அது ஈரலைக் கெடுத்துடும்னு திண்ணையில பேசிக்கிட்டாங்க" என்றார். அதை எழுத வேண்டாம், டாக்டர் திட்டுவார் என்று ஒரே பிடிவாதம். எழுதாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருக்கும். மாத்திரை போட்டும் ஏறியிருக்கிறதே என்று டாக்டர் டோஸைக் கூட்டுவார், இல்லை மருந்தையே மாற்றுவார். நம் கூச்சத்துக்காக அவர் தப்புக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

மாத்திரைப் பெயர்களை எழுதும்போது கடைப் பெயரோடு நிற்காமல், பட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாதிரி. மூன்று வருஷத்தில் மெடிக்கல்காரர் கம்பெனியை நாலு தடவை மாற்றியிருப்பார். எங்கள் டப்பாவில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. நல்லவேளை, அப்பச்சி இரண்டையும் சேர்த்துப் போடவில்லை. சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு, நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது என்று எல்லாமே இந்தப் பட்டியலில் வர வேண்டும். மூட்டுவலி மாத்திரைகளில் சில இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாதவை. டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

வீட்டில் பி.பி. பார்க்கும் மிஷின் இருந்தால் ஏழு நாள் குறித்து வையுங்கள். காலையில் காபிக்கு முன்னால், மாத்திரைக்கு முன்னால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. உடம்பில் நீர் கோர்க்கிறது என்று சந்தேகம் இருந்தால் எடையும் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அப்படி ஏறினால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் உள்ளூர் டாக்டரிடம் உடனே போய்விடுங்கள்.

இப்போது போன்

மருத்துவமனையின் பொது எண்ணைச் சம்மரியின் தலைப்பிலிருந்தே எடுங்கள். கூகுளில் வரும் முதல் எண்ணை நம்ப வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் போடுகிறோம் என்று இடைத்தரகர்கள் எடுப்பார்கள். அதில் சிலர் பதிவுக் கட்டணம் என்று ஓ.டி.பி. கேட்கிற ஆட்கள். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் லைன் கிடைக்காது. மதியம் இரண்டு மூன்று மணி வாக்கில் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள்.

எனக்கு நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி:

"வணக்கம்மா. எங்கப்பா உங்ககிட்ட ஸ்டென்ட் வச்சவரு. யு.ஹெச்.ஐ.டி. நம்பர் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க சார்." நம்பரைத் தட்டினார். "இருக்குது. மூணு வருஷமா வரலையே?"

"ஆமாம்மா, ஊர்ல இருந்துட்டாரு. அதே டாக்டரைப் பார்க்கணும். ஓ.பி. எந்தக் கிழமை?"

"செவ்வாய், வெள்ளி. ஆனா வர்ற வாரம் சார் இல்லை."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் சொல்கிறேன். கிழமையை மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறிவிடாதீர்கள். நீங்கள் போகிற அந்தத் தேதியில் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆஞ்சியோ நாளில் அதை எடுக்கும் கேத் லேப் அறைக்குள் போனவர் மூன்று மணி வரை வெளியே வர மாட்டார், அதையும் கேளுங்கள். அப்படியே டாக்டரின் செகரட்டரியோடு இணைப்புக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் டாக்டரின் நாட்குறிப்பு உண்மையில் செகரட்டரி கையில்தான் இருக்கும். அவரிடம் தன்மையாகப் பேசுங்கள். "புது நோயாளி இல்லை, பழைய நோயாளி, மூச்சு வாங்குது" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் தேதி முன்னால் வரும்.

வரும்போது வெறும் வயிற்றில் வர வேண்டுமா, எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் காரைக்குடியிலேயே எடுத்துக்கொண்டு வரலாமா என்றும் கேட்டு வையுங்கள். ஈ.சி.ஜி.யும் ரத்தமும் இங்கே எடுத்தால் போதும் என்பார்கள். எக்கோவைப் பெரும்பாலான டாக்டர்கள் தங்கள் இடத்தில் எடுத்தால்தான் ஒத்துக்கொள்கிறார்கள். பழையதோடு ஒப்பிட வேண்டுமே.

"சார் இங்க இல்லைங்க"

இந்தப் பதிலும் வரும். மூன்று வருஷத்தில் டாக்டர் வேறு மருத்துவமனைக்கு மாறியிருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம், சொந்தமாகக் கிளினிக் போட்டிருக்கலாம். எங்கே போனார் என்று ரிசப்ஷனில் சொல்ல மாட்டார்கள். "அதே துறையில வேற டாக்டர் இருக்காங்க, போடட்டுங்களா?" என்பார்கள். அது அவர்கள் வேலை.

கோபப்பட வேண்டாம். அந்தப் பிரிவின் சிஸ்டர்களுக்கும் எக்கோ எடுப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும், தன்மையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் மெடிக்கல் ஷாப்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் இணையத்தில் டாக்டர் பெயரையும் துறையையும் போட்டுத் தேடுங்கள்.

இங்கேதான் அந்தப் பதிவு எண் உதவும். ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் இரண்டு டாக்டர்கள் இருப்பது சகஜம். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பழைய சீட்டில் உள்ள எண்ணையும் பதிவு செய்த மாநிலக் கவுன்சிலையும் போட்டால் பெயர், படிப்பு விவரம் வரும். புதுக் கிளினிக்கின் சீட்டிலும் அதே எண் இருந்தால் சந்தேகம் இல்லை, அவரேதான்.

இன்னொன்று, மதுரை, திருச்சி டாக்டர்கள் வாரத்தில் ஒருநாளோ மாதத்தில் ஒருநாளோ காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் வந்து பார்க்கிற வழக்கம் இருக்கிறது. நீங்கள் 90 கிலோமீட்டர் போய்ப் பார்க்க நினைக்கிறவர் வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் தெருமுனைக்கே வந்து போய்க்கொண்டிருக்கலாம். விசாரிக்காமல் விடாதீர்கள்.

டாக்டர் ஓய்வே பெற்றுவிட்டார் என்றால் மனத்தைத் தேற்றிக்கொண்டு, அவருடைய இடத்துக்கு வந்தவரைப் பாருங்கள். அதே மருத்துவமனை என்றால் உங்கள் பழைய எக்கோவும் ஆஞ்சியோவும் அங்கேயே இருக்கும், அது பெரிய வசதி. கைராசியில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆஞ்சியோ படம் எந்த டாக்டர் பார்த்தாலும் ஒரே படம்தான்.

வீடியோவில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஓர் எல்லைக்குள். இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் 2020 மார்ச்சில் வந்தன. நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காகப் பேசினால் அது தொடர் ஆலோசனை. ஆறு மாதம் தாண்டிவிட்டால் நீங்கள் புதுசாக வருகிறவர் மாதிரிதான் கணக்கு. அப்போது வீடியோவில் டாக்டர் எழுதித் தரக்கூடிய மருந்துகளும் குறையும். நேரில் வாருங்கள் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. விட்டுப்போய் இரண்டு வருஷம் ஆன இதய நோயாளி முதல் தடவை நேரில் போவதே சரி. அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடியோவில் பேசிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் எண் கொடுத்தார்கள் என்பதற்காக நாற்பது படங்களைக் கொட்டாதீர்கள். அந்த ஒரு பக்கத் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, புது ஈ.சி.ஜி., மூன்றும் போதும். காலை வணக்கம் படம் அனுப்புகிறவர்களை டாக்டர்கள் பிளாக் செய்துவிடுகிறார்கள், அதில் தப்பே இல்லை.

போகிற வழி

மதுரைக்கென்றால் திருப்பத்தூர், மேலூர் வழி பஸ். திருச்சிக்கென்றால் புதுக்கோட்டை வழி. காலை ஓ.பி. என்றால் ஐந்தரைக்குள் கிளம்பிவிட வேண்டும். காலில் வீக்கம் உள்ளவரைப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பதற்குப் பதில் வாடகைக் கார் பிடிப்பது புத்திசாலித்தனம்.

சென்னைக்கென்றால் எல்லோரும் பல்லவன் ரயிலைச் சொல்வார்கள். விடியற்காலையில் காரைக்குடியில் கிளம்பி எழும்பூர் போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும், அன்றைய காலை ஓ.பி. போயே போய்விடும். சாயங்கால அப்பாயின்ட்மென்டுக்குத்தான் அது பொருந்தும். காலை டோக்கனுக்கு, ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாகப் போகும் இரவு ரயில்தான் தோது. கீழ் பெர்த் கேட்டுப் போடுங்கள். இதய அறுவைச் சிகிச்சைக்காகப் போகிறவர்களுக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஓ.பி. கட்டணத்துக்கு அது ஆகாது, மறுபடி ஆஞ்சியோவோ ஸ்டென்டோ என்று பேச்சு வந்தால் உதவும்.

அறைக்குள்

பத்து நிமிடம் கிடைக்கும். முதல் நிமிடத்தில் அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், பையன்தான் பயப்படுறான்" என்று அப்பச்சி ஆரம்பித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே தாளைப் படித்தார். கடைசி வரியில் பேனா நின்றது. நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

"எந்த மாசத்துல நிறுத்துனீங்கய்யா?"

"தை மாசம்... பேத்தி கல்யாணத்துக்கு அப்புறம்."

"சரி. ரத்தம் பார்த்துட்டு மறுபடி ஆரம்பிச்சுடலாம். ஈரலுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுறேன், உங்க மனசுக்கும் திருப்தியா இருக்கும்."

அவ்வளவுதான். எட்டு மாதம் பயந்த விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து அப்பச்சி கேட்டது, "மனுஷன் ஒரு வார்த்தை திட்டலையே, ஏன்?"

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் மழுப்பாதீர்கள். உப்புக்கண்டம், வத்தல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் எங்கள் இலையில் இருப்பவைதான். நீர் கோர்க்கிற இதயத்துக்கு அந்த உப்புத்தான் எதிரி. "உப்புக் குறைச்சல்தான்" என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள், குழம்பில் குறைத்திருப்பார்கள். இலையோரத்தில் இருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் போடுகிறவர்கள் கீரை பற்றிச் சொல்ல வேண்டும், அது அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். கீரையை அடியோடு விடவும் வேண்டாம், ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்ற இறக்கமாகச் சாப்பிடவும் வேண்டாம். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை காரைக்குடியிலேயே எடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பல். ஊரில் பல் பிடுங்கப் போகும்போது "ரத்தம் நிக்காது, அந்த மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்துங்க" என்று யாராவது சொன்னால், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பல் வேலை பாக்கி இருந்தால் இந்தத் தடவையே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுந்து வருமுன்

மூன்று விஷயம் கேட்காமல் கதவைத் திறக்காதீர்கள். அடுத்து எப்போது வர வேண்டும்? நடுவில் சந்தேகம் வந்தால் யாரை, எந்த எண்ணில், எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும்? உள்ளூரில் பார்க்கிற டாக்டருக்கு இரண்டு வரி எழுதித் தர முடியுமா?

மூன்றாவதைக் கேட்க நிறையப் பேருக்குத் தயக்கம். உள்ளூர் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர் டாக்டர் அந்தக் கடிதத்தைப் பார்த்து, "இதைத்தான்யா ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். இப்போது மாதாந்திர பி.பி., சர்க்கரை எல்லாம் அவரிடம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகிறவர்கள், இதய டாக்டர் புதிதாக எழுதிய சீட்டை அந்தப் பணியாளரிடமும் காட்டிவிடுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்துவிடக் கூடாது.

மஞ்சப்பை இப்போது இரும்புப் பெட்டிக்குள் இல்லை. வளவுக் கதவுக்குப் பின்னால் காலண்டர் ஆணியிலேயே தொங்குகிறது. காலண்டரில் அடுத்த ரிவ்யூ தேதிக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். அதற்குப் பத்து நாள் முன்னால் இன்னொரு வட்டம், அது போன் போட வேண்டிய நாள். இரண்டையும் போட்டது அப்பச்சிதான்.